படை எண்ணெயும் இருக்க மறுத்த மூவரும்

அன்று காலை உருத்திரபுரம் கிராம முன்னேற்றச் சங்க மண்டபத்தில் கூடியிருந்தவர்கள்:

தவராசா. சங்கத் தலைவர். இரண்டு உழவு இயந்திரங்களுக்கும் ஒரு பெரிய குரலுக்கும் சொந்தக்காரர். முதலாவது முறைப்பாட்டுக்காரர்.

வீரபாகு. அரிசி ஆலை முதலாளி. இரண்டாவது முறைப்பாட்டுக்காரர்.

தங்கராசா. சங்கக் கடை மனேச்சர். தவராசா தும்மினால் இவர் மூக்கைத் துடைப்பார். மூன்றாவது முறைப்பாட்டுக்காரர்.

தில்லைநாதன். சந்தியில் பாமசி என்னும் மருந்துக்கடை வைத்திருப்பவர். வேடிக்கை பார்க்க வந்தவர். அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஞானேஸ்வரி. தோலில் வரும் படைக்கு வைத்தியம் செய்பவள். குற்றம் சாட்டப்பட்டவள்.

பத்மாசனி. ஞானேஸ்வரி கூப்பிட்டு வந்த துப்பறிபவள். வவுனியா நீதிமன்றத்தில் பல வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து, ஒரு மொழியில் சொன்ன பொய்யை இன்னொரு மொழிக்கு மாற்றிக் கொடுப்பது அலுத்துப்போய், கிளிநொச்சியில் சொந்தமாகத் தொழில் தொடங்கியவள்.

ஆண்டியப்பன். அவளுடைய உதவியாள், சாரதி, கச்சான் கடலை வாங்கிவருபவன். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவன்.

மண்டபத்தில் உட்காரக் கதிரைகளும் இருந்தன. தாராளமாக.

மார்கழி மாதம். மழை விட்டுவிட்டுத் தூறியது. வயலில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், கொடியில் காயப்போட்ட இடுப்புச் சாரத்திலும் தண்ணீர். இந்த மாதத்தில் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணோ உடம்பில் வட்டப் படையோ இல்லாத வீடு அந்த ஊரில் இல்லை. மற்றவர்களுக்கு அறுவடை மாசியில் என்றால் ஞானேஸ்வரிக்கு மார்கழியில்.

தவராசா நின்றபடி முறைப்பாட்டை வாசித்தார். ஞானேஸ்வரி விற்ற பச்சிலை எண்ணெயைப் பூசியதால் மூவரின் பாதங்களும் வெந்து கொப்புளித்துவிட்டன என்பது சுருக்கம். அதற்குச் சாட்சியாக ஆறு பாதங்கள் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வரிசையாக நின்றன.

"பொய்!" என்றாள் ஞானேஸ்வரி. கூரையிலிருந்த புறா ஒன்று எழுந்து பறந்தது. "இந்த மூண்டு பேரிலை ஒருத்தருக்கும் நான் படைக்கு எண்ணெய் குடுக்கேல்லை. இடத்தைக் கண்ணால பாக்காமல் நான் ஆருக்கும் மருந்து குடுக்கிறேல்லை. என்ர அப்பர் காலத்துச் சட்டம் அது. இவை எனக்கு எந்த இடத்தைக் காட்டினவை? கேளுங்கோ!"

மூவரும் புறா போன திசையைப் பார்த்தார்கள்.

"சத்தம் போட்டு ஒண்டும் நடக்காது பிள்ளை," என்றார் தவராசா. "சாப்பாட்டுக்குப் பிறகு பொலிஸ் ஜீப் வரும். இந்தக் கடதாசியைக் கையில குடுப்பன். நஞ்சு குடுத்த வழக்கு. வவுனியா மறியல்தான்."

ஞானேஸ்வரியின் வாய் முதல் தடவையாக மூடியது. மறியல் என்ற சிறைக்குப் போய்வந்தவளிடம் யாரும் மருந்து வாங்கமாட்டார்கள். அவளுக்கு வேறு தொழில் தெரியாது. புருசன் இல்லை. இந்த ஊரில் அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு எண்ணெய்ச் சட்டியும் ஒரு பெயரும்தான். சட்டியை யாரும் கேட்கவில்லை.

பத்மாசனி மூன்று கதிரைகளை இழுத்துப் போட்டாள். "கால் வெந்த ஆக்கள் ஏன் அண்ணை நிக்கிறியள்? இருந்து கதையுங்கோவன்."

"வேண்டாம்," என்றார் வீரபாகு.

"சபை மரியாதை," என்றார் தங்கராசா.

"அப்ப எண்ணெய்ப் போத்தல் எங்க?"

"எறிஞ்சாச்சு."

"எங்க எறிஞ்சனீங்கள்?"

"வாய்க்காலுக்க," "குப்பைக் கிடங்கில," "கிணத்துக்க" என்று மூன்று பதில்கள் ஒன்றாக வந்தன.

"குடிக்கிற கிணறுங்களா ஐயா?" என்று ஆண்டியப்பன் பணிவாகக் கேட்டான். "சொல்லிட்டீங்கன்னா நாங்க வேற வீட்டுல தண்ணி கேட்டுக்குவோம்."

தில்லைநாதன் சிரித்தார். ஒரு காலை மற்றக் காலுக்கு மேல் போட்டு, கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்து சிரித்தார். தவராசா அவரை முறைத்தார்.

"ஜீப் வரேக்க நாங்களும் வருவம்," என்றாள் பத்மாசனி. "போத்தலோட."

வெளியே வந்ததும் ஆண்டியப்பன் கச்சான் சுருளை நீட்டினான். "பாமசிக்காரருதாங்க்கா. சத்தியமா அவருதான். இந்தம்மா கடைய மூடிட்டா ஊரே அவருகிட்ட டியூப் மருந்துக்கு வரிசையில நிக்கும். எண்ணெயில எதையோ கலந்துட்டாரு. கேஸ் முடிஞ்சுபோச்சு. சோறு சாப்பிடப் போவமா?"

"முதல்ல நிலத்தைப் பார்."

அவன் பார்த்தான். மண்டப வாசலில், தில்லைநாதனுடையதைத் தவிர, மூன்று சைக்கிள்கள் சாத்தியிருந்தன. ஈரமண்ணில் சக்கரத் தடங்கள் தெருவிலிருந்து வந்தன. ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் வெறுங்கால் அடிகள்.

"உருட்டிக்கிட்டு வந்திருக்காங்க."

"கால் வெந்தவன் சைக்கிளை வச்சுக்கொண்டு நடந்து வருவானே? கால் நொந்தால்தானே ஏறி ஓடவேணும்?"

ஆண்டியப்பன் குந்தியிருந்து பார்த்தான். பெருவிரல் சேற்றில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. ஐந்து விரலும் எண்ணக்கூடியதாக இருந்தன. வெள்ளைத் துணியில் சேறு இல்லையே என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மண்டபத்துக்கு வந்த பிறகு சுற்றியிருக்கிறார்கள். அதைவிட விசேஷமான ஒன்றும் இருந்தது. இடது கால் அடி ஒரு பக்கம், வலது கால் அடி வெகுதூரத்தில் இன்னொரு பக்கம்.

"அக்கா, இந்த ரெண்டு காலுக்கு நடுவால ஒரு ஆட்டுக்குட்டி போகலாம்."

"போகும். மூண்டு பேரும் ஒரே மாதிரி அகட்டி நடந்திருக்கினம். அதை மனசில வை. காரை எடு."

பழைய ஒஸ்டின் கார் மூன்றாவது தள்ளலில் இயங்கியது. பின் ஆசனத்தில் ஞானேஸ்வரி ஏறிக்கொண்டாள். ஏறிய கணத்திலிருந்து அவள் பேசினாள். ஆண்டியப்பன் கேட்காமலே படை வைத்தியத்தில் பாதி படித்துவிட்டான். மனிதருக்குச் சீமையகத்தி இலையை இடித்துச் சாறெடுத்துத் தேங்காயெண்ணெயில் காய்ச்சவேண்டும். மஞ்சளும் கொஞ்சம். அது குளிர்ச்சி, ஆனால் படை மெதுவாகத்தான் ஆறும். மாட்டுக்கு அது போதாது. மாட்டுத் தோல் தடிப்பு. கொடிவேலி வேரைப் பச்சையாக அரைத்துச் சேர்க்கவேண்டும்.

"கொடிவேலி மனிசத் தோலில பட்டால்?" என்று பத்மாசனி கேட்டாள்.

"பொத்துப்போகும். அதுதான் மாட்டெண்ணெயை நான் சாராயப் போத்தலில விட்டு, தும்பு அடைச்சுக் குடுக்கிறது. மற்றதை அவையவையின்ர தேங்காய்ச் சிரட்டையில ஊத்துவன். ஒண்டுக்கொண்டு மாறவே மாறாது."

"மாட்டையும் கொண்டுவந்து காட்டவேணுமோ?"

"என்னத்துக்கு? மாடு பொய் சொல்லுமே?"

பத்மாசனி ஒரு கச்சானை உடைத்தாள்.

"மனிசர் மட்டும் காட்டவேணும். நான் கேப்பன். எங்க படை, எவ்வளவு நாளா, சாரத்தை விலக்கு எண்டு. மருந்துக்கு வாறவைக்கு என்ன வெக்கம்?"

"இப்புடித்தான் கேப்பீங்களாம்மா? இதே சத்தத்துல?" என்றான் ஆண்டியப்பன்.

"வேறெந்தச் சத்தத்தில கேக்கிறது?"

அவன் கண்ணாடியில் பத்மாசனியைப் பார்த்தான். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் மட்டும் லேசாக அசைந்தது.

பாமசியை அடைவதற்குள் தில்லைநாதன் சைக்கிளில் குறுக்கு வழியாக வந்து கல்லாவில் இருந்துவிட்டார். ஆண்டியப்பன் கடைக்குள் நுழைந்ததும் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "ஞானேஸ்வரி அம்மா கடைய மூடினா ஒங்களுக்கு என்னங்கய்யா லாபம்?" என்றான்.

"நல்ல லாபம்," என்றார் அவர் உடனே. "மாசத்தில ஒருக்கா அதுக்காக நேர்த்தி வைக்கிறனான். கடவுள் கேக்கிறார் இல்லை."

ஆண்டியப்பனுக்கு அடுத்த கேள்வி மறந்துபோயிற்று.

"படை மருந்து உங்களிட்டையும் இருக்குத்தானே," என்று பத்மாசனி எடுத்துக்கொண்டாள். "அந்த மூண்டு பேரும் இஞ்ச வரேல்லையோ?"

"ஆம்பிளையள் இதுக்கு என்னட்டை வாறதில்லை. வந்தாலும் தலையிடி எண்டு சொல்லிப்போட்டு, கடையில ஆள் குறையுமட்டும் நிண்டு, ஆரும் வர டிஸ்பிறினோட போயிடுவாங்கள். தவராசா மட்டும் போன கிழமை ஒண்டு வாங்கினவர். எனக்கே விளங்கேல்லை."

"என்னது?"

"குழந்தைப் பிள்ளைப் பவுடர். மூண்டு டின். அவரின்ர கடைக்குட்டியே யூனிவேர்சிற்றிக் கம்பசில படிக்கிறான்."

கடைக்கு வெளியே பத்மாசனி நின்றாள். "ஆண்டி, மூண்டு டின். மூண்டு பேர். வாங்கினது ஒராள். பவுடரை அப்பிடி வாங்கினவர் எண்ணெயை எப்பிடி வாங்கியிருப்பார்?"

"அதே மாதிரி. ஒரே போத்தலா."

"அப்ப மூண்டு போத்தலை மூண்டு இடத்தில எறிஞ்ச கதை?"

"கிணத்துத் தண்ணிய நம்பிக் குடிக்கலாம்," என்றான் ஆண்டியப்பன்.

தவராசாவின் வீட்டு முற்றத்தில் இரண்டு உழவு இயந்திரங்கள் நின்றன. ஒன்றின் இருக்கையில் கோழி அடைகிடந்தது. ஒரு கிழமையாக அதில் யாரும் ஏறவில்லை என்பதற்குக் கோழியே சாட்சி. ஞானேஸ்வரியைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் போனார்கள்.

தவராசாவின் மனைவி நேசமலர் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அழுத முகம். புதிதாக அழுததல்ல; பல நாளாகத் தவணைமுறையில் அழுதது.

"அக்கா, உங்கட மாட்டைப் பாக்க வந்தனாங்கள்," என்றாள் பத்மாசனி.

"மாடோ? ரெண்டாவது ரக்ரர் வாங்கின கையோட ஆவணியில வித்திட்டாரே."

"அப்ப மாட்டெண்ணெய் மட்டும் மிச்சமோ?"

நேசமலர் அவளை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்? தலகணிக்குக் கீழ வச்சிருக்கிறார். மாடில்லாத வீட்டில மாட்டெண்ணெய் என்னத்துக்கு எண்டு கேட்டன். மில்லுக்காரன்ர மாட்டுக்கு எண்டார். மில்லுக்காரன்ர மாட்டெண்ணெய் ஏன் எங்கட தலகணிக்குக் கீழ எண்டு கேட்டன். கத்தினார்."

"வீரபாகு அண்ணையிட்டை மாடு இருக்கோ?"

"அவரிட்டை ஒரு நாய்தான் இருக்கு."

அவள் உள்ளே போய்ப் போத்தலை எடுத்து வந்தாள். சாராயப் போத்தல். வாயில் தும்பு அடைத்திருந்தது. நாலில் ஒரு பங்குதான் மிச்சம்.

ஆண்டியப்பன் அதை வாங்கிக் காருக்குக் கொண்டுபோனான். ஞானேஸ்வரி தும்பைப் பிடுங்கி ஒரு தடவை மோந்தாள்.

"என்ர மாட்டெண்ணெய். தவராசா அண்ணை மாட்டுக்கெண்டு வந்து வாங்கினவர். நானும் நினைச்சன், நல்ல மனிசன், வாயில்லாச் சீவனுக்காக மழையில நனைஞ்சு வந்திருக்கிறார் எண்டு." அவள் நிறுத்தினாள். கண் அகலத் திறந்தது. "ஐயோ. எந்த மாடு?"

முற்றத்தில் நேசமலர் தணிந்த குரலில் பத்மாசனியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஒரு மாசமா அவர் வேற அறையில படுக்கிறார், தங்கச்சி. நான் பக்கத்தில போனால் எழும்பிப் போறார். மூண்டு பேருமாச் சேர்ந்து எங்கயோ போய் வருகினம், சாரத்தைத் தாங்களே தோய்க்கினம். நான் ஊமையில்லை. எனக்கு விளங்கும். அவள் ஆர் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"அவள் ஒருத்தியும் இல்லை அக்கா. படை."

"என்ன?"

"இடுப்புக்குக் கீழ. வெக்கத்தில மாட்டு மருந்தைப் பூசிப்போட்டார்."

நேசமலர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உழவு இயந்திரத்தின் சில்லில் சாய்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஆண்டியப்பன் ஓடிவந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடைகிடந்த கோழி கோபித்துக்கொண்டு இறங்கிப் போனது.

அவர்கள் திரும்பியபோது மண்டபத்தில் மூவரும் அதே இடத்தில் நின்றார்கள். தில்லைநாதனும் கடையைப் பூட்டிவிட்டு, மறுபடி வந்து அதே கதிரையில் இருந்தார். முடிவைப் பார்க்காமல் போகிற ஆள் அவரல்ல.

பத்மாசனி போத்தலை மேசையில் வைத்தாள். தவராசாவின் பெரிய குரல் எங்கோ போய்விட்டது.

"இது... எங்கால எடுத்தனீங்கள்?"

"வாய்க்காலுமில்லை, கிணறுமில்லை. அண்ணை, முறைப்பாட்டில ஒரு சின்னத் திருத்தம் இருக்கு. அதுக்கு முதல் மூண்டு பேரும் ஒருக்கா இந்தக் கதிரையில இருங்கோ. இருந்தால் நான் ஒண்டும் கதைக்காமல் கிளிநொச்சிக்குப் போறன்."

மூவரும் கதிரைகளைப் பார்த்தார்கள். கடைசியில் வீரபாகு ஆண்பிள்ளையாகத் துணிந்து ஒரு கதிரையைப் பிடித்து, மெல்லக் குனிந்து, பாதிவழியில் "அம்மோய்" என்று நிமிர்ந்துவிட்டார்.

"பாதம் நல்லா மேல ஏறியிருக்குங்க்கா," என்றான் ஆண்டியப்பன்.

"வாயை மூடு," என்றாள் பத்மாசனி. சிரிக்காமல் சொல்வது அவளுக்குச் சிரமமாக இருந்தது. "அண்ணை, நான் வவுனியாக் கோட்டில வேலை செய்தனான். என்ன நடக்கும் எண்டு சொல்லுறன். ஜீப் வரும். காயத்தை டொக்டர் பாக்கவேணும் எண்டுவினம். துணியை அவிழ்ப்பினம். பாதத்தில ஒண்டும் இராது. பிறகு நீதவான் எந்த இடம் எண்டு கேப்பார். நீங்கள் தமிழிலை சொல்லுவியள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்திலை சொல்லுவார். விளங்கேல்லை எண்டால் இங்கிலீசிலையும் சொல்லுவார். சத்தமாச் சொல்லவேணும். அது விதி. பின்வரிசை வாங்கில உருத்திரபுரம் முழுக்க இருக்கும்."

தங்கராசா முதலில் உடைந்தார். "நான் அப்பவே சொன்னனான் அண்ணை! குளிச்சுப்போட்டு மூண்டு பேரும் ஒரே துவாயில துடைக்கவேண்டாம் எண்டும் சொன்னனான். மாட்டுக்கெண்டு கேளாதேங்கோ எண்டும் சொன்னனான்!"

"நீதானேயடா மாடு எண்டு சொல்லித் தந்தனி!" என்றார் தவராசா.

அதற்குப் பிறகு கதை தானாக வந்தது. எண்ணெய் பட்ட இடம் பற்றி எரிந்தது. மூவரும் அகட்டி நடந்தார்கள். என்ன நடை என்று ஊர் கேட்டது. கால் என்றார்கள். காலுக்கு என்ன என்றது ஊர். ஞானேஸ்வரியின் எண்ணெய் என்றார்கள். அப்படியென்றால் தலைவர் ஏன் இன்னும் பொலிசுக்குப் போகவில்லை என்று ஊர் கேட்டது. தலைவர் பொலிசுக்குச் சொல்லி அனுப்பினார். ஒரு பெண்ணை மறியலுக்கு அனுப்புவது அவருக்குச் சாரத்தைப் பற்றிப் பேசுவதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது. ஆண்டியப்பனுக்கு இந்த இடத்தில் மட்டும் பகிடி ஒன்றும் வரவில்லை.

"என்னை மறியலில போடப் பாத்தியள்," என்றாள் ஞானேஸ்வரி. ஆச்சரியம், அவள் சத்தம் போடவில்லை. அதனால் அது எல்லோருக்கும் கேட்டது.

தவராசா முறைப்பாட்டை இரண்டாய், நாலாய், எட்டாய்க் கிழித்தார். "பிழைதான் பிள்ளை. ஆனால் ஊருக்கு என்ன சொல்லுறது?"

"மாட்டெண்ணெயை மாறிக் காலில பூசிப்போட்டம், அவவில பிழை இல்லை எண்டு சொல்லுங்கோ," என்றாள் பத்மாசனி. "இண்டைக்கே, சங்கக் கடை வாசலில நிண்டு. கால் எண்டது உங்கட பொய். அதை நீங்களே வச்சிருங்கோ."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்றார் தில்லைநாதன். மூவரும் அவரைப் பார்த்தார்கள். "சரி. மனிசிக்கு மட்டும்."

ஞானேஸ்வரி மண்டபத்தை விட்டு வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் வேலியோரத்தில் தடித்த கற்றாழை மடல் ஒன்றை முறித்து, மஞ்சள் பால் வடியவிட்டு, தண்ணீரில் அலசி, இரண்டாகப் பிளந்துகொண்டு திரும்பினாள்.

"எரிவுக்கு முதல் இதைப் போடுங்கோ. எரிவு அடங்கின பிறகு படைக்குச் சீமையகத்தி எண்ணெய். இனி வெக்கமெண்டால் குசினிப் பக்கத்தால வாங்கோ, மெதுவாக் கேக்கிறன்." மெதுவாகக் கேட்பது எப்படி என்று அவள் இனித்தான் பழகவேண்டும். "ஆர் முதல்?"

வீரபாகுவும் தங்கராசாவும் ஒரே நேரத்தில் தலைவரைப் பார்த்தார்கள். தலைமைப் பதவிக்கு இப்படியும் ஒரு மரியாதை உண்டு.

அப்போது தெருவில் ஜீப் சத்தம் கேட்டது.

தவராசா கிழித்த கடதாசித் துண்டுகளைப் பார்த்தார். "வந்திட்டாங்கள். என்ன முறைப்பாடு எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

"விதைநெல் அறைச் சாவியைத் தாங்கோ. உள்ளுக்க ஒளிச்சு நிண்டு பூசுங்கோ," என்றாள் ஞானேஸ்வரி.

மண்டபத்தின் பின்னறைக்கான சங்கச் சாவி அது. தலைவரைத் தவிர வேறொருவர் கைக்கும் போகாதது. அவர் மடியிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ஜீப் மண்டப வாசலில் நின்றது. கதவு அடித்துச் சாத்தப்பட்டது. சார்ஜன்டின் சப்பாத்துகள் படியில் ஏறின.

"தலைவர் எங்கே?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"விதைநெல் பார்த்துக்கிட்டிருக்காருங்கய்யா," என்று ஆண்டியப்பன் வாசலை மறித்துக்கொண்டு சொன்னான். "ஈரம் பட்டிருக்காம்."

தவராசா கற்றாழையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஆட்டுக்குட்டி போகக்கூடிய அந்த நடையில், மூட்டைகளுக்கு நடுவே இருட்டுக்குள் போனார். ஞானேஸ்வரி கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு தடவை திருப்பி, தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.